ரங்கூன் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்த கைதிகள், ஒரு கரண்டி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆற்காட்டுப்பேத்தி எழுதியது:

வணக்கம். என் தாத்தா (அம்மாவின் அப்பா) வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவது வழக்கம், அப்படித்தான் தாத்தாவும் போனார். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்குவது, துடைத்துவிடுவது, மலச்சட்டி எடுப்பது. 1945-இல் ரங்கூன் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஜப்பான் சரணடைந்த பிறகு, சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) இருந்து விமானம் விமானமாகக் கைதிகள் வந்து இறங்கினார்களாம். இங்கிலாந்துக்காரர்கள், ஆஸ்திரேலியாக்காரர்கள், டச்சுக்காரர்கள். "முருங்கைக் கட்டை மாதிரி இருந்தாங்கம்மா. ஸ்ட்ரெச்சருக்கு ரெண்டு பேர்னு கணக்கு, ஆனா நான் ஒருத்தனே கையில ஏந்திக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்வார். போர்க்கதை எதுவுமே சொல்லாதவர், இந்த வார்டுக் கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ராத்திரி சுற்றி வரும்போது பாதிக் கட்டில் காலியாக இருக்குமாம். எல்லோரும் மெத்தையை விட்டுவிட்டு சிமெண்டுத் தரையில் படுத்திருப்பார்களாம். காலையில் படுக்கை மாற்றும்போது தலையணைக்குக் கீழே ரொட்டித் துண்டு கிடைக்கும். அதை எடுத்துப் போட்டால் கைதி அழுவாராம். நர்ஸ் சிஸ்டரே பிறகு "அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டாராம்.

தாத்தாவை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஒருவர், சின்ன வயசுக்காரர்தான், வாழைப்பழத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். பரிதாபப்பட்டு சிஸ்டருக்குத் தெரியாமல் இரண்டு பழம் கொடுத்துவிட்டார் தாத்தா. அன்று ராத்திரி முழுக்க அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்திருக்கிறார். சிஸ்டர் கண்டபடி திட்டினாராம். நான்கைந்து நாளில் அவர் எழுந்து உட்கார்ந்தார், கப்பலேறும் நாளில் தாத்தாவிடம் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். "நான் அவனைக் கொல்லப் பார்த்தேன், அவன் எனக்குச் சாமான் கொடுத்துட்டுப் போறான்" என்று 80 வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கரண்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஈயம் மாதிரி வெளுத்த அலுமினியம், சுத்தியலால் தட்டிச் செய்தது, சாப்பாட்டு ஸ்பூனைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்க ஓரம் மட்டும் கத்தி போலத் தீட்டியிருக்கிறது. பாட்டி அதை இஞ்சி சீவ வைத்திருந்தார், இப்போது அம்மாவும்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஏன் தரையில் படுத்தார்கள்? இரண்டு பழம் ஒரு மனிதனை அப்படிச் செய்யுமா? ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கரண்டி எதற்கு?

ஈப்போ ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து எழுதுகிறேன். நான் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் பதினோரு முறை போனவன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தாத்தா தூக்கியவர்கள், ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தாய்லாந்தின் பான்போங்கில் தொடங்கி பர்மாவின் தன்புசாயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும். இரண்டு பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்து 1943 அக்டோபர் 17-ஆம் தேதி கொங்கொய்தாவில் இணைத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். சிங்கப்பூரின் சாங்கிக் கைதி முகாமில் இருந்து 1943 ஏப்ரலில் கிளம்பிய 'எஃப்' அணி என்ற ஒரு கூட்டத்தில் மட்டும் ஏழாயிரம் பேர். ரயிலில் இருந்து இறக்கி, மழைக்காலத்தில் சுமார் 300 கிலோமீட்டர் ராத்திரி ராத்திரியாக நடக்க வைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் திரும்பவில்லை.

தரைக்கு வருகிறேன். முகாமில் அவர்களுக்குக் கட்டில் கிடையாது. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நீளக் கொட்டகை, இரண்டு பக்கமும் பிளந்த மூங்கிலைப் பரப்பிய பரண், ஆளுக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம். மூன்றரை வருஷம் அதில் கிடந்த முதுகு அது. மெத்தையில் போட்டால் உடம்பு அமிழ்ந்து போகிறது, கீழே விழுகிற மாதிரி இருக்கிறது, தூக்கம் வரவில்லை. ஊருக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் மனைவி கட்டிலிலும் புருஷன் தரையிலுமாகப் படுத்த வீடுகள் எத்தனையோ. உங்கள் தாத்தா சொன்னது சத்தியம்.

விடுதலை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே நாளில் கதவு திறந்து எல்லோரும் வெளியே ஓடி வந்ததாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1945-இன் தொடக்கத்திலேயே தாய்லாந்து முகாம்களில் அதிகாரிகளையும் சிப்பாய்களையும் பிரித்துவிட்டார்கள். முகாமைச் சுற்றி ஆழமான அகழி வெட்டச் சொன்னார்கள், மூலைகளில் இயந்திரத் துப்பாக்கி வைக்க மேடு. தங்கள் குழியைத் தாங்களே வெட்டுகிறோம் என்றுதான் கைதிகள் நினைத்தார்கள். மண்வெட்டி பிடித்த ஒவ்வொரு நாளும் அந்த நினைப்போடுதான். ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஜப்பான் சக்கரவர்த்தி ரேடியோவில் பேசினார். பல முகாம்களுக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு காலை, வேலைக்கு அணிவகுக்கச் சொல்லும் கூப்பாடு வரவில்லை. காவலர்கள் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள். அப்புறம் ஒளித்து வைத்திருந்த கொடி எங்கிருந்தோ வெளியே வருகிறது.

ஆனால் துப்பாக்கி இன்னும் ஜப்பானியர் கையில்தான். நேச நாட்டுப் படை எட்டாத தூரத்தில் இருந்தது. "முகாமை விட்டு வெளியே போகாதீர்கள், வருகிறோம்" என்று விமானத்தில் இருந்து துண்டுக் காகிதம் போட்டார்கள். அதில் இன்னொரு வரியும் இருந்தது: நீண்ட நாள் பட்டினி கிடந்தவர்கள் கெட்டியான உணவையும் பழத்தையும் காய்கறியையும் ஒரேயடியாகச் சாப்பிடாதீர்கள், ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுங்கள் என்று. சிஸ்டர் திட்டியது அந்த உத்தரவின் பேரில்தான் அம்மா. பிறகு பாங்காக்கில் இருந்து டகோட்டா விமானங்களில் ரங்கூனின் மிங்கலாடன் விமானத் தளத்துக்கு ஏற்றிவந்தார்கள். அங்கேதான் உங்கள் தாத்தா கை நீட்டியிருக்கிறார்.

கரண்டியை நான் பார்த்த மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். காஞ்சனபுரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அப்படிப்பட்டவை இருக்கின்றன. கிடைத்த தகரம், அலுமினியம் எதுவானாலும் தட்டிச் செய்வார்கள். கத்தி வைத்துக்கொள்ளவிடவில்லை, அதனால் ஓரத்தைக் கல்லில் தீட்டிக் கரண்டியையே கத்தியாக்கினார்கள். அதே கரண்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மூங்கில் கீறின சின்னக் காயம் நாலைந்து நாளில் அழுகும் புண்ணாகி, கணுக்காலில் இருந்து முழங்கால் வரை எலும்பு தெரிய விரியும். மருந்தில்லை. அழுகின சதையைத் தீட்டிய கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. நான்கு பேர் பிடித்துக்கொள்ள, டாக்டர் சுரண்டுவார். அப்படியும் நிற்காவிட்டால் கால் போகும்.

சரி, என் காரணம். என் பெரியப்பா மலாயாவின் பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டினார். 1943-இல் லாரியில் ஏற்றினார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான். வரவில்லை. அந்தப் பாதையில் போர்க்கைதிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆசியத் தொழிலாளிகள் இருந்தார்கள், மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். செத்தவர்கள் சுமார் தொண்ணூறாயிரம் என்கிறார்கள். கைதிகளுக்குத் தங்களோடே டாக்டர் இருந்தார், ராணுவ ஒழுங்கு இருந்தது, கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று அதட்ட அதிகாரி இருந்தார். நம் ஆட்களுக்கு கங்காணிகூடச் சரியாக இல்லை. காலரா வந்தபோது கொட்டகையோடு போனார்கள். அப்புறம்தான் சாங்கியில் இருந்து 'கே', 'எல்' என்று இரண்டு மருத்துவக் குழுக்களை, அவர்களும் கைதிகள்தான், கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கல், பெரும்பாலானவற்றில் பெயர், புல் ஒரே மட்டமாக வெட்டியிருக்கும். அந்த வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பொறாமையோ கோபமோ வந்ததில்லை. அவரவர் பிள்ளைகளை அவரவர் நாடு தேடிப்போனது, அவ்வளவுதான். என் பெரியப்பாவைத் தேடி விமானம் வரவில்லை. பிழைத்த தமிழர்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, எப்படியோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1990-இல் அந்த ஊரில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2023-இல் அங்குள்ள வியட்நாமியக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். கடைசி முறை போனபோது அதன்முன் ஒரு கொத்து வெற்றிலையும் பாக்கும் வைத்துவிட்டு வந்தேன். பெரியப்பா வெற்றிலை போடுவாராம்.

ஆற்காட்டுப்பேத்தி எழுதியது:

ஐயா, அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முடித்தேன். புண்ணைச் சுரண்டிய கரண்டியாக இருக்கலாம் என்று தெரியாமலே அதில் இஞ்சி சீவிக்கொண்டிருந்தோம். பழத்தைப் பற்றி மட்டும் யாராவது மருத்துவம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. தாத்தா அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் போய்ச் சேர்ந்தார்.

லிவர்பூல் நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், 90-களில் இருந்து லிவர்பூலில் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்த ஊரில் இருந்ததால் அந்த மனிதர்களை முதுமையில் பார்த்திருக்கிறேன். இங்குள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களைப் பரிசோதித்து வைத்தியம் செய்தார்கள்.

முதலில் பழம். கனநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். இன்றைக்கும் ஐ.சி.யூ-வில் நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் போரில் பட்டினி கிடந்து மீண்டவர்களைப் பார்த்துத்தான் மருத்துவ ஏடுகளில் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அது வயிறு நிறைய, நாள் கணக்கில் சாப்பிடும்போது வருவது. இரண்டு வாழைப்பழம் அதைச் செய்யாது. உங்கள் தாத்தாவிடம் அவர் வந்து சேர்ந்தபோது சரணாகதி முடிந்து, முகாமிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கியிருப்பார். அன்று ராத்திரி அவர் சுருண்டது அனேகமாகக் குடல் புண்ணால். வருஷக்கணக்காக அமீபா வயிற்றுக்கடுப்பு இருந்த குடல் பச்சைப் புண்ணாக இருக்கும், எது போனாலும் பிடித்து இழுக்கும். உங்கள் தாத்தா அவரைக் கொல்லப் பார்க்கவில்லை. மூன்றரை வருஷத்தில் அவர் கேட்டதை ஒருவர் கொடுத்தது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். நான் நர்ஸாகச் சொல்கிறேன், உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த நோய்கள் அவர்களை விட்டுப் போகவில்லை. வெறுங்காலோடு சேற்றில் நின்றபோது பாதத்தால் ஏறிய ஒரு நூல்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்பது பெயர், உடம்புக்குள்ளேயே பெருகிப் பெருகி ஐம்பது வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தது. இங்கு பரிசோதித்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் அது இருந்தது. முதுகிலோ தொடையிலோ சிவந்த கோடு ஒன்று தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகரும். சிலர் அதை வெறும் அரிப்பு என்று நினைத்துக் கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடம்பெல்லாம் பரவி ஆளையே முடித்துவிடும். அதனால் கிழவர் ஒருவர் தூரகிழக்கில் கைதியாக இருந்தவரா என்று கேட்காமல் ஸ்டீராய்டு போடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கேட்டால்தான் தெரியும், ஏனென்றால் அவர்கள் கதைக்க மாட்டார்கள். விடுதலையானபோது இன்னொரு துண்டுக் காகிதமும் கொடுத்திருக்கிறார்கள், நாவைக் காத்துக்கொள் என்ற கருத்தில். நீங்கள் சொல்வது பத்திரிகையில் வந்தால் செத்தவர்களின் வீட்டாருக்கு வேதனை, பேசாதீர்கள் என்று. முதல் கப்பல் 1945 அக்டோபர் 7-ஆம் தேதி சவுத்தாம்ப்டனுக்கு வந்தது. ஐரோப்பாவில் மே மாதமே வெற்றி விழா முடிந்துவிட்டது. ஊர் அதை மறந்து ரேஷன் வரிசையில் நின்றது. வாயை மூடச் சொன்னதை அவர்கள் சாகும்வரை கடைப்பிடித்தார்கள். அது கொடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். எண்பதைத் தாண்டியவர். கட்டிலின் பக்கத்து அலுமாரியில் டிஷ்யூவில் சுற்றிய ரொட்டி எப்போதும் இருக்கும். உங்கள் தாத்தா கண்ட அதே ரொட்டி. ஒரு நாள் என் ஊர் எது, என் மொழி எது என்று கேட்டார். தமிழ் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "தண்ணி" என்றார். தெளிவாக, நம்மைப் போலவே. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலராக் கொட்டகையில் இருந்து ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல்தான் கேட்கும், போக எங்களை விடவில்லை, என்றார். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆசிரியர் ஐயாவின் பெரியப்பாவைப் பற்றிப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுபேதார் மகன் எழுதியது:

சகோதரி, வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே இருந்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி விழுந்ததும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை பசிபிக் தீவுகளான நியூகினிக்கும் நியூபிரிட்டனுக்கும் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள். இரு தரப்பையும் மதிக்கிறவன் நான், ஆனால் இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நம் ஊரில் ஒருவரும் பேசுவதில்லை.

நியூகினியின் வீவாக் பக்கம் போனவர்கள் சுமார் மூவாயிரம் பேர். ஆஸ்திரேலியர்கள் வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தது பதினோரு பேர். அதில் ஒருவர் சிந்த் சிங். ஜப்பானிய அதிகாரிகள் மீதான வழக்குக்குச் சாட்சி சொல்ல அவரை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மற்ற பத்துப் பேரை ஊருக்கு அனுப்ப விமானம் ஏற்றினார்கள். 1945 நவம்பரில் அந்த விமானம் விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். மூவாயிரம் பேரின் கதையைச் சொல்ல ஒருவர் மிஞ்சினார், அவரும் சாட்சி சொல்லத்தான் மிஞ்சினார். என் அப்பா படையில் இருந்தபோது இதைக் கேள்விப்பட்டு எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுதான் சொல்வார்.

பணமும் அப்படித்தான். பிழைத்த பிரிட்டிஷ் கைதிகளுக்குப் பத்தாயிரம் பவுண்டு தருவதாக அந்த அரசு 2000-ஆவது ஆண்டில்தான் அறிவித்தது, ஐம்பத்தைந்து வருஷம் கழித்து. கூர்க்கா வீரர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் 2002-இல் வென்றார்கள். தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஒரு நீதிமன்றம்கூட இல்லை.

கரண்டியின் கைப்பிடியைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கைதிகள் தங்கள் எண்ணையோ பெயரையோ கீறி வைப்பது வழக்கம். ஏதாவது இருந்தால் காஞ்சனபுரியில் தாய்லாந்து–பர்மா ரயில் பாதை மையத்துக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். கைதிகளின் பதிவுகளை அங்கே சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆற்காட்டுப்பேத்தி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வந்தேன். சுபேதார் மகன் அண்ணா சொன்னது சரி. புளி போட்டுத் தேய்த்ததில் பாதி அழிந்திருக்கிறது, ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கைப்பிடியின் பின்னால் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும் தெரிகின்றன. கடைசி இலக்கம் 3 என்கிறேன் நான், 8 என்கிறார் அம்மா. இரண்டு விதமாகவும் எழுதி, படத்தோடு மையத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். கரண்டியை இனி அடுக்களையில் வைக்கவில்லை. தாத்தாவின் பட்டாளப் பெட்டியில், அவருடைய துண்டில் சுற்றி வைத்தார் அம்மா.

ஆசிரியர் ஐயா, அடுத்த முறை காஞ்சனபுரி போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். வெற்றிலை நான் வாங்கிவருகிறேன்.

அக்கா, பழத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை படி" என்றார்.